முப்பிடாதியம்மாள் சுப்பாயி ஆனது

முப்பிடாதியம்மாளுக்குச் சுப்பாயி என்ற இரண்டாவது பெயர் முப்பத்திரண்டாவது வயதில் வந்தது. தாராவியில் பின்னால் குடிவந்தவர்கள் அதைப் பெற்றோர் வைத்த பெயர் என்றே நினைத்தார்கள். நம் பக்கத்தில் அப்படிப் பெயர் உண்டுதானே. அவளும் யாரையும் திருத்தவில்லை. யாராவது அக்கறையாகக் கேட்டால் மட்டும், "அது தீயணைக்க வந்தவன் வச்ச பேருல்லா" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவள். பதினேழு வயதில் கல்யாணமாகி, கப்பலேறி, பர்மாவில் பெகு என்ற ஊருக்குப் போனாள். கணவன் தளவாய்க்கு அங்கே ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. ஆலைக்காரர்கள் கூலிக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்திருந்த செங்கல் வரிசையில் ஓர் அறை கிடைத்தது. பக்கத்து அறையில் தளவாயின் அக்காள் இசக்கியம்மாள் இருந்தாள். புது ஊரில், புரியாத பாஷைக்கு நடுவில், முப்பிடாதிக்குத் தாயும் தோழியும் அந்த மதினிதான்.

1930ஆம் வருஷம் மே மாதம் ஐந்தாம் தேதி. இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தளவாய் ஆலையிலிருந்து இன்னும் வரவில்லை. மதினி மீன் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்து பித்தளைக் கரண்டியைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேலிருந்த சட்டி மெல்ல நகர்ந்தது. மதினி திரும்பி, "ஏன் இடிக்கெ?" என்று கேட்டாள். வெளிச்சத்தில் முப்பிடாதி அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் கடைசி.

கண்ணைத் திறந்தபோது எதுவும் தெரியவில்லை. வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். தலைக்கு ஒரு சாண் மேலே உத்தரம் ஒன்று குறுக்கே நின்று சுவரைத் தாங்கியிருந்தது. இடது கை மட்டும் அசைந்தது. அதை நீட்டியபோது மதினியின் விரல்கள் தட்டுப்பட்டன. மதினி பிடித்துக்கொண்டாள். "பயப்படாத, வருவாங்க" என்றாள்.

வந்தார்கள். அதுதான் கொடுமை. மேலே ஆட்கள் ஓடினார்கள், அழுதார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கடப்பாரையால் குத்தினார்கள். இரண்டு முறை யாரோ அவள் தலைக்கு நேர் மேலே நடந்தார்கள். மண் உதிர்ந்து முகத்தில் விழுந்தது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். மேலே இருந்தவர்கள் அவளைவிடப் பலமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். விடியும் நேரத்தில் மதினியின் விரல்கள் குளிர்ந்துவிட்டன. அந்த நேரத்தைப் பற்றி முப்பிடாதி யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை.

காலையில் வெகுநேரம் கழித்து மேலே திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. ஒரு புத்த பிக்கு இடிபாட்டின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, அத்தனை பேரையும் உட்கார வைத்தாராம். தளவாய் பிற்பாடு சொன்னது. முப்பிடாதிக்குத் தொண்டையில் குரல் இல்லை. கரண்டி இன்னும் இடது கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை எடுத்து உத்தரத்தில் தட்டினாள். மூன்று தட்டு, நிறுத்தி மூன்று தட்டு. அரை நாள் தோண்டி எடுத்தார்கள். தளவாய் அவளைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

அதன்பிறகு செங்கல் சுவருக்குள் அவள் படுக்கவில்லை. தளவாய் மூங்கில் வீடு ஒன்று கட்டினான். அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு பூகம்பம் வந்தபோது அந்த வீடு தொட்டில் மாதிரி ஆடி நின்றது. அவளுக்கு அது போதும். பன்னிரண்டு வருஷம் அந்த மூங்கிலுக்குள் குடித்தனம் நடத்தினாள். 1942இல் ஜப்பான்காரன் வந்தான். ஊரே காலி செய்தது. அவர்களும் மற்றவர்களோடு காட்டிலும் மலையிலும் நடந்து, கல்கத்தா சேர்ந்து, கடைசியில் தாராவித் தோல் கிடங்கில் வேலை பார்த்த அவளுடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரை நம்பிப் பம்பாய் வந்து இறங்கினார்கள்.

தாராவியில் தகரமும் கோணியும் சேர்த்துக் கட்டிய குடிசை. தளவாய்க்கு மஸ்ஜித் பந்தரில் ஒரு தானியக் கிடங்கில் வேலை கிடைத்தது. கிழிந்த சாக்குகளைக் கட்டாகக் கட்டி அவன் கொண்டுவருவான். முப்பிடாதி கோணி ஊசியால் தைத்துத் திருப்பி அனுப்புவாள். மழைக்காலத்தில் சதுப்பு நிலத்துத் தண்ணீர் குடிசைக்குள் முழங்கால் அளவு நிற்கும். இரண்டு மழைக்காலம் பொறுத்த தளவாய், மூன்றாவது வருவதற்குள் சயானில் ஒரு கல் கட்டடத்தில் அறை பார்த்துவிட்டு வந்தான்.

"மாடியில ரூம்பு. நல்ல காத்து. வெள்ளம் ஏறாது. வா, ஒருக்கா பாத்துட்டாவது வருவோம்."

"நீங்க போங்க. நான் இங்கனயே இருக்கேன்."

"ஏட்டி, பூமி குலுங்குதது பர்மாவுலதான். பம்பாயில ஏது பூகம்பம்?"

"பெகுவுலயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

இந்தப் பேச்சு அக்கம்பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. குழாயடியில் பெண்கள் அவளைப் 'பூகம்பக்காரி' என்று கேலி செய்தார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

1944 ஏப்ரல் பதினாலு, வெள்ளிக்கிழமை. சித்திரை பிறந்த மறுநாள். மாலை நாலு மணியைத் தாண்டியிருந்தது. குடிசை வாசலில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். இடி இடித்தது போல் ஒரு சத்தம். தகரக் கூரைகள் வரிசையாகக் கடகடவென்று ஆடின. குடங்கள் உருண்டன. "பூகம்பம்! பூகம்பம்!" என்று கத்திக்கொண்டு ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். கேலி செய்தவர்களும்தான்.

அவள் ஓடவில்லை. ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். சிறிது நேரம் அப்படியே இருந்தாள்.

"இது பூகம்பம் இல்ல" என்றாள். "பூகம்பம்னா கால்லேருந்து மேல ஏறும். இது காதுலேருந்து கீழ இறங்குது. எங்கனயோ என்னமோ வெடிச்சிருக்கு."

அரை மணி நேரத்தில் முதலாவதைவிடப் பெரிதாக இன்னொன்று வெடித்தது. பிறகு தெற்கே வானத்தில் கரும்புகை தூண் மாதிரி எழுந்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று ஒருவர் சொன்னார். துறைமுகம் எரிகிறது என்று இன்னொருவர் சொன்னார். துறைமுகத்தை ஒட்டித்தான் மஸ்ஜித் பந்தர். முப்பிடாதி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

பக்கத்துக் குடிசைச் சலாவுதீன், தோல் பதனிடும் தொழிலாளி, அவளுக்கு முன்னால் வந்து நின்றான். "அக்கா, ஒத்தையில போவாதீங்க. நானும் வாரேன்."

சயானில் ரயில் ஏறினார்கள். பைகுல்லாவோடு வண்டி நின்றுவிட்டது. அங்கிருந்து நடை. எதிரே மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் ஆறாக வந்துகொண்டிருந்தார்கள். சிலர் உடம்பில் ரத்தம். தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லு. வானத்திலிருந்து எரிகிற பஞ்சு மிதந்து மிதந்து விழுந்தது. போலீஸ்காரர்கள் ஒரு தெருவை அடைத்திருந்தார்கள். சலாவுதீன் தனக்குத் தெரிந்த சந்து வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

தளவாயின் கிடங்கு முன்சுவர் இல்லாமல் வாய் பிளந்து நின்றது. உள்ளே யாரும் இல்லை. அப்போது எதிர்ப்பக்கம் இடிந்து கிடந்த மூன்று மாடிக் கட்டடத்தின் குவியலில், தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்பாக, ஒரு மனிதன் வெறும் கையால் கல்லை இழுத்துக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"என்னங்க!" என்றாள். அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டபோதுதான் திரும்பினான். வலது காதிலிருந்து ரத்தம் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அவளைப் பார்த்து, தெருவே கேட்கும்படி, "நீ எதுக்குட்டி இங்க வந்த?" என்று கத்தினான். தான் கத்துவது அவனுக்கே தெரியவில்லை.

அந்தக் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் நாகூர் கனி என்பவர் டீக்கடை வைத்திருந்தார். கிடங்குத் தமிழர்களுக்கெல்லாம் அங்கேதான் டீ. வெடித்தபோது தளவாய் தெருவில் நின்று குடித்துக்கொண்டிருந்தான். கனியும் இன்னொருவருக்குக் கிளாஸை நீட்டுவதற்காக வெளியே வந்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பாத்துமுத்து மட்டும் உள்ளே.

"பாத்து! ஏ பாத்து!" என்று கனி இடைவிடாமல் கூவிக்கொண்டே தோண்டினார். சுற்றி முப்பது பேர். ஆளுக்கொரு மொழியில் ஆளுக்கொரு கட்டளை. மண்வெட்டியும் கடப்பாரையும் கல்லில் மோதும் சத்தம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் முப்பிடாதி தன் தலைக்கு மேலே கேட்ட அதே சத்தம்.

"சத்தம் போடாதீங்க!" என்றாள். யார் காதிலும் விழவில்லை. கனியின் எதிரே போய் நின்று, தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். அந்நிய ஆம்பிளையைத் தொட்டுப் பேசியே அறியாதவள். கனி திகைத்துப் போனார்.

"நீங்க கூப்பிடுதது அவளுக்குக் கேக்குது பாய். அவ கூப்பிடுததுதான் உங்களுக்குக் கேக்கல. கொஞ்சம் வாய மூடுங்க."

பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். இரண்டு வருஷ பம்பாய் வாசத்தில் அவளுக்கு ஒட்டியிருந்த இந்திச் சொற்கள் மிகச் சில. அதில் ஒன்று 'சுப்'. பேசாதே என்று அர்த்தம். "சுப்! சுப்! சுப்!" என்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கத்தினாள். தீயணைப்புப் படையின் மராத்திக்காரர் ஒருவர் அவளை உற்றுப் பார்த்தார். என்ன புரிந்ததோ, விசிலை எடுத்து நீளமாக ஊதினார். கடப்பாரைகள் நின்றன. தூரத்து நெருப்பின் உறுமல் மட்டும் மிச்சமிருந்தது.

முப்பிடாதி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். சுவரை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய் வளைந்து மண்ணுக்குள் போனது. அதில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றுமில்லை. பிறகு, மிக மெல்ல, டக் என்று ஒரு சத்தம். மறுபடியும் ஒன்று. காதை இடப்பக்கம் நகர்த்த நகர்த்த அது பலத்தது.

"இங்கன இல்ல" என்று வெளியே பார்த்துச் சொன்னாள். "இடப்பக்கம். நாலு மார் தள்ளி. நீங்க தோண்டுதது வேற இடம்."

இடம் மாற்றித் தோண்டினார்கள். கால்மணிக்கு ஒருமுறை விசில் ஊதும், அவள் காது வைப்பாள். கொஞ்ச நேரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து தெரிந்தது. முப்பிடாதி தரையில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டாள். விரல்கள் வந்து பிடித்தன. சூடாக இருந்தன.

"அக்கா, யாரு நீங்க? போயிராதீங்க அக்கா."

"எங்கயும் போவல தாயி. மூச்ச செலவழிக்காத. என்ன கொழம்பு வச்ச, அத மட்டும் சொல்லு."

"இறாலும்... கத்திரிக்காயும்."

"உப்பு போட்டுட்டியா?"

உள்ளேயிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "போடுறதுக்குள்ளதான் அக்கா..."

இரண்டு மணி நேரம் அவள் அந்தக் கையை விடவில்லை. பாத்துமுத்துவைக் கால் எலும்பு முறிந்த நிலையில், ஆனால் உயிரோடு, வெளியே எடுத்தார்கள். கனி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. அந்த மராத்திக்காரர் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். "பாயி, இதர் ஆவ்." அம்மா, இங்கே வா என்று அர்த்தம். அடுத்த தெருவில் இன்னொரு கட்டடம். பிறகு இன்னொன்று. ஓரிடத்தில் எவ்வளவு கேட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஓரிடத்தில் குஜராத்தின் கட்ச் பக்கத்துக் கணக்கர் ஒருவர் பெட்டிச் சாவியால் தட்டிக்கொண்டிருந்தார், அவர் பிழைத்தார். நான்காவது இடத்தில் தட்டல் தெளிவாகக் கேட்டது. பாதி தோண்டும்போது நின்றுவிட்டது. எடுத்தபோது ஓர் இளம்பெண். உயிர் இல்லை. முப்பிடாதி தெருவோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெகுவில் மதினிக்காக அவள் அழுதிருக்கவில்லை. அழ அப்போது தெம்பு இல்லை. இப்போது மதினியின் பெயரைச் சொல்லி அழுதாள். சலாவுதீன் எங்கிருந்தோ ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலையிலும் ஆள் தேடி வந்தது. பெயர் தெரியாததால், "சுப் பாயி கஹா ஹை?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். 'சுப்' சொல்கிற அம்மாள் எங்கே என்று. பக்கத்திலிருந்த தமிழர்கள் காதில் அது சுப்பாயி என்று விழுந்தது. அப்படியே தாராவி வரை வந்துவிட்டது.

வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்தில் தீப்பிடித்து வெடித்தது என்ற செய்தி சில நாள் கழித்துத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. தளவாய்க்கு வலது காது போனது போனதுதான். நாலைந்து நாள் கழித்து, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவன் திடீரென்று கேட்டான்:

"ஏட்டி, அன்னைக்கு நீ எத்தன கட்டடத்துக்குள்ள நுழைஞ்ச தெரியுமா?"

அவள் யோசித்தாள். மாடிப்படி, சமையலறை, ஒரு நிலவறை. "எப்படி போனேன்?" என்று அவனையே கேட்டாள்.

"என்ன சொல்லுத? இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்று அவன் இடது காதைத் திருப்பினான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வைகாசியில், மழைக்கு முன்னால், சயானில் அறை எடுத்தார்கள். மாடி வேண்டாம், கீழ்த்தளம்தான், கதவுப் பக்கம்தான் படுக்கை என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். முதல் மாதம் பாதி ராத்திரி உட்கார்ந்தே கழித்தாள். பயம் போயிற்று என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த வருஷ மழையில் சாக்குகள் நனையவில்லை. கால் தேறிய பாத்துமுத்து வெள்ளிக்கிழமை தோறும் தடியூன்றி வந்து, அவளோடு உட்கார்ந்து தைக்கக் கற்றுக்கொண்டாள். குழம்பு அவள் வீட்டிலிருந்து வரும். உப்பு சரியாக இருக்கும்.

தளவாய்க்குச் செம்பூரில் பட்டாளத்தார் தங்கும் பாரக்குகளைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது. சண்டை முடிந்து பட்டாளம் போனது. நாடு இரண்டானபோது, அந்தக் காலி பாரக்குகளில் சிந்துப் பக்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடிவைத்தார்கள். அரிசி, கோதுமைச் சாக்குகள் தைக்க ஆள் வேண்டியிருந்தது. முப்பிடாதி தினமும் சயானிலிருந்து அங்கே போய்வர ஆரம்பித்தாள்.

1948இன் தொடக்கத்தில் ஒரு முற்பகல். பாரக்கு நிறைய ஜனங்கள். பக்கத்துக் குன்றில் கல் உடைக்க வெடி வைத்தார்கள். கூரைத் தகடுகள் கடகடத்தன. தினமும் வைக்கிற வெடிதான். அன்று தரையும் அதிர்ந்தது, என்றாலும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊசியைக் கீழே போட்டுவிட்டு முப்பிடாதி மட்டும் வாசலுக்குப் பாய்ந்தாள். அதே நொடியில் உள்ளே வேறொரு மூலையிலிருந்து ஒரு பெண் பாய்ந்து வந்தாள். இரண்டு பேரும் வாசலில் மோதி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஈஸ்வரி பாய். வந்து மூன்று மாதமாகியும் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தபடியே கிடந்தவள். மூச்சு வாங்க முப்பிடாதியைப் பார்த்து, "ஸல்ஸலா?" என்று கேட்டாள். பூகம்பத்துக்கு அவர்கள் சொல்.

"இல்ல, கல்லு வெடி" என்று முப்பிடாதி குன்றைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, ஸல்ஸலா என்று அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்லி, "பெகு. பர்மா" என்றாள்.

ஈஸ்வரி பாய் தன் நெஞ்சைத் தொட்டாள். "குவெட்டா." குவெட்டாவை 1935இல் பூகம்பம் தரைமட்டமாக்கியது. அப்போது அவள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

முப்பிடாதியின் பம்பாய் இந்தியும் அவளுடைய சிந்தி கலந்த இந்தியும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டவில்லை. கைகள் போதுமானதாக இருந்தன. சுவர் எந்தப் பக்கம் சாய்ந்தது, எவ்வளவு நேரம் ஆடியது, உள்ளே எத்தனை மணி நேரம் என்று விரல் மடக்கிக் காட்டிக்கொண்டார்கள். ஈஸ்வரி பாய்க்கு இரண்டு பகலும் ஒரு ராத்திரியும். முப்பிடாதி, நீதான் ஜெயித்தாய் என்பதுபோல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஈஸ்வரி பாய் சிரித்துவிட்டாள். பாரக்கில் இருந்த அவளுடைய சொந்தங்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சிரித்து அவர்கள் வெகுநாள் ஆகியிருந்தது.

மறுவாரம் ஈஸ்வரி பாய் முப்பிடாதியின் கோணிகளை வெயிலில் விரித்து, அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு, மிளகு தட்டிப் போட்ட அப்பளம் இட்டுக் காயவைத்தாள். ஊரில் அவள் கைக்குப் பேர் போன வேலையாம். தளவாய் காக்கையை விரட்டினான். சாயங்காலம் முப்பிடாதி அவற்றை அடுக்கி, துணியில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு சயானுக்குக் கிளம்பினாள். வழியில் ஆளாளுக்கு என்னவென்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். வீடு போய்ச் சேரும்போது துணிக்குள் இரண்டே இரண்டு அப்பளம்தான் இருந்தன. அவற்றைத் தளவாயும் அவளும் சுட்டுத் தின்றார்கள்.